படத்தைத் திருத்துகிறோமா, திரிக்கிறோமா?

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அமெரிக்காவில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் எட்டாம் பருவத்து மூன்றாம் பகுதி ஒளிபரப்பாயிற்று. அதன் பெயர் 'தி லாங் நைட்', அதாவது 'நீண்ட இரவு'. பெயருக்கேற்றபடி கதை பெரும்பாலும் இரவில் நிகழும் ஒரு பெரும் போர். பார்த்தவர்களில் ஏராளமானோர் ஒரே குறையைச் சொன்னார்கள்: திரை முழுதும் இருட்டாக இருக்கிறது, யார் யாரை வெட்டுகிறார்கள் என்பதே தெரியவில்லை என்று. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் இதற்கு விடையளித்தார். பலருக்குத் தம் தொலைக்காட்சிப் பெட்டியைச் சரியாக அமைத்துக்கொள்ளத் தெரியாததும் ஒரு பெருங்காரணம் என்பது அவர் விடையின் சாரம்.

இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம்? இருவர் பக்கமும் பாதி நியாயம் உண்டு. இருண்ட காட்சிகளை இணைய வழியில் சுருக்கி அனுப்பும்போது நுண்ணிய நிழல் வேறுபாடுகள் முதலில் பலியாகின்றன. அது பார்வையாளரின் குற்றம் ஆகாது. ஆயினும் பெட்டியின் அமைப்பு சற்றே பிசகினாலும் இருண்ட காட்சி அடியோடு மறைந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் இந்த வழக்கில் கூண்டில் நிறுத்தப்படாத மூன்றாம் குற்றவாளி ஒன்று உண்டு. ரிமோட்டின் பொத்தானை அழுத்தியதும் திரையில் விரிகிறதே, 'பிரைட்னெஸ், கான்ட்ராஸ்ட், கலர், டின்ட், ஷார்ப்னெஸ்' என்னும் படச் சீரமைப்புப் பட்டியல், அதுதான் அந்தக் குற்றவாளி. நூல்களையும் திரைப்படங்களையும் விமரிசனம் செய்கிறோம். கோடிக்கணக்கான வீடுகளில் நாள்தோறும் படிக்கப்படும் இந்தப் பட்டியலையும் ஒருமுறை இயற்பியல் கண்கொண்டு விமரிசனம் செய்து பார்ப்போம்.

பெட்டிக்கும் திரைக்கும் நடுவே

வீட்டுத் திரையரங்கில் 'வீடியோ பிராசஸர்' என்று ஒரு கருவி உண்டு. படத்தைத் தரும் கருவிக்கும் அதைக் காட்டும் புரொஜெக்டருக்கும் இடையே அது அமர்கிறது. வருகின்ற மின் சைகையை வாங்கி, கணக்கிட்டு, மாற்றி, அப்பால் அனுப்புகிறது. 1980-களிலும் 1990-களிலும் ஈவ் ஃபரூஜா என்னும் பொறியாளரின் பெயரைத் தாங்கிய கருவிகள் இத்துறையில் புகழ் பெற்றிருந்தன. பெரிய திரையில் கண்ணை உறுத்திய வரிக்கோடுகளை மறைப்பதற்காக, வரும் வரிகளை இரட்டிப்பாக்கித் தருவது அவற்றின் பணி. இன்று லூமாஜென் நிறுவனத்தின் ரேடியன்ஸ், மேட்விஆர் நிறுவனத்தின் என்வி போன்றவை ஆயிரக்கணக்கான டாலர் விலையில் விற்கின்றன. இவற்றை விலை கொடுத்து வாங்குவோர் சிலரே. ஆனால் இதே வேலையைச் செய்யும் சிறு சில்லு ஒன்று இன்றைய தொலைக்காட்சிப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒளிந்திருக்கிறது. ஆகையால் விலையுயர்ந்த கருவி வைத்திருப்பவருக்கும் சாதாரணப் பெட்டி வைத்திருப்பவருக்கும் இவ்விமரிசனம் பொதுவானதே.

என் குற்றச்சாட்டு இதுதான்: இப்பட்டியலில் உள்ள பெயர்கள் பல, தாம் செய்யும் வேலையைச் சொல்வதில்லை. தொழிற்சாலையில் வைத்தனுப்பும் அளவுகளும் பலமுறை உண்மையான படத்தைத் தருவதில்லை. இவ்விரண்டும் சேர்ந்து, படத்தைத் திருத்துவதாக எண்ணிக்கொண்டு நாமே அதைத் திரித்துவிடச் செய்கின்றன. ஒவ்வொன்றாகக் காண்போம்.

இரண்டு குமிழ்கள், ஒரு நேர்கோடு

'பிரைட்னெஸ்' என்றால் வெளிச்சம். படம் இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் இக்குமிழின் வேலை அதுவன்று.

மேனிலைப் பள்ளியில் படித்த நேர்கோட்டுச் சமன்பாட்டை நினைவுகூருங்கள். வெளிவரும் சைகை = (பெருக்கும் எண் × உள்வரும் சைகை) + கூட்டும் எண். இதில் பெருக்கும் எண்ணை மாற்றுவது 'கான்ட்ராஸ்ட்'. கூட்டும் எண்ணை மாற்றுவது 'பிரைட்னெஸ்'. ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாண்டவர்களுக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். பிரைட்னெஸ் என்பது கருவியின் சுழிப்பிழையைத் திருத்தும் இடம். கான்ட்ராஸ்ட் என்பது அளவுகோலின் நீளத்தைத் திருத்தும் இடம். கம்பியின் விட்டத்தை அளக்குமுன் சுழிப்பிழையைப் பார்த்தாக வேண்டும். அதுபோலவே, கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று முடிவு செய்யாமல் படத்தைப் பற்றி எதுவும் பேச முடியாது.

கூட்டும் எண் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒன்றுதானே, அப்படியிருக்க இருண்ட பகுதிக்கு மட்டும் என்ன தனிப் பாதிப்பு என்று கேட்பீர்கள். திரையில் வெளிப்படும் ஒளி சைகைக்கு நேர்விகிதத்தில் இல்லை. பழைய படக்குழாயின் இயல்பைத் தழுவி, ஒளியானது சைகையின் ஏறத்தாழ 2.4-ஆம் அடுக்காக அமைகிறது. 2011-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையும் இந்த 2.4 என்னும் எண்ணையே எடுத்துக்கொண்டது.

இனிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முழு வெண்மை 100 நிட் என்று கொள்வோம். ஒரு நிட் என்பது சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா. முழு அளவில் 10 விழுக்காடு உள்ள ஒரு நிழல், திரையில் 0.4 நிட் ஒளி தருகிறது. பிரைட்னெஸ் குமிழால் சைகையில் வெறும் 5 விழுக்காடு கூட்டினால் அந்நிழல் 1.05 நிட்டாகிறது. அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனால் 50 விழுக்காட்டில் உள்ள நடுத்தரச் சாம்பல் நிறமோ ஏறத்தாழ 26 விழுக்காடுதான் கூடுகிறது. எதிர்ப்புறமாக 5 விழுக்காட்டைக் குறைத்துப் பாருங்கள். 0.4 நிட் இருந்த நிழல் 0.075 நிட்டுக்குச் சரிந்து, முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. இருட்டில் நிற்கும் படைவீரன் காணாமற் போவது இங்ஙனமே.

ஆகவே 'பிரைட்னெஸ்' எனப்படும் குமிழ் பெரும்பாலும் ஆள்வது இருட்டை. அதற்குக் 'கறுப்பின் மட்டம்' என்பதே பொருத்தமான பெயர். வெளிச்சத்தை ஆளும் குமிழ் 'கான்ட்ராஸ்ட்' என்ற பெயரில் பக்கத்தில் இருக்கிறது. படக்குழாய்க் காலத்தில் குழாயின் மின்னழுத்தச் சாய்வை மாற்றிய குமிழுக்கு இட்ட பெயர், குழாய் மறைந்த பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அண்மைக் காலத்தில் குழப்பம் இன்னும் பெருகிவிட்டது. சில நிறுவனங்களின் பெட்டிகளில் 'பிரைட்னெஸ்' என்பது பின்னொளியைக் கூட்டிக் குறைக்கிறது. கறுப்பின் மட்டத்துக்கு அங்கே தனிப்பெயர். வேறு நிறுவனங்களின் பெட்டிகளில் பழைய பொருளே நீடிக்கிறது. ஒரே சொல் ஒரு வீட்டில் ஒரு பொருளும், அடுத்த வீட்டில் வேறு பொருளும் தருமானால், அண்டை வீட்டார் சொல்லும் யோசனையைக் கேட்டு நடப்பவர் கதி என்னவாகும்?

இக்குமிழைச் சரியாக வைக்க எளிய சோதனை உண்டு. பி.பி.சி. பொறியாளர்கள் பயன்படுத்திய 'பிளூஜ்' என்னும் படிவம் அது. கறுப்புப் பின்னணியில், கறுப்பைவிடச் சற்றே கீழான ஒரு பட்டையும், சற்றே மேலான ஒரு பட்டையும் அதில் இருக்கும். எட்டுத் துணுக்கு எண்முறையில் கறுப்பு என்பது 0 அன்று, 16. வெள்ளை என்பது 255 அன்று, 235. எனவே கறுப்புக்குக் கீழும் சில எண்களுக்கு இடம் உண்டு. கீழான பட்டை மறைந்து, மேலான பட்டை மட்டும் மங்கலாகத் தெரியும் இடத்தில் குமிழை நிறுத்த வேண்டும். அவ்வளவே. ஊகம் வேண்டா, பிறர் ருசியும் வேண்டா.

நிறமும் கெல்வினும்

அடுத்தது நிறம். 'கலர்' குமிழ் நிறத்தின் செறிவையும், 'டின்ட்' குமிழ் நிறத்தின் சாயலையும் மாற்றுகின்றன. பெயர்களில் இங்கே குறையில்லை. ஆனால் 'டின்ட்' ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்கலாம். அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் நிறச் சைகையின் கட்டம் வழியில் பிறழ்ந்தால் முகங்கள் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறிவிடும். அதைத் திருத்தவே இக்குமிழ் தோன்றியது. இந்தியா 1982-இல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது மேற்கொண்ட பால் முறையில், ஒன்றுவிட்டு ஒரு வரியில் கட்டம் திருப்பப்படுவதால் அப்பிழை தானே சமனாகிவிடும். இன்றைய எண்முறை இணைப்பில் அப்பிழைக்கே இடமில்லை. ஆயினும் குமிழ் மட்டும் வம்சாவளியாக வந்துகொண்டிருக்கிறது. அதன் நடுநிலையில் கைவைக்காமல் விட்டுவிடுவதே பெரும்பாலும் நல்லது.

செறிவைச் சரிபார்க்க, அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் 1978-இல் வெளியிட்ட வண்ணப் பட்டைகள் உதவும். சாம்பல், மஞ்சள், மயில்நீலம், பச்சை, கருஞ்சிவப்பு, சிவப்பு, நீலம் என்னும் ஏழு பட்டைகள் அவை. இவற்றுள் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது ஆகிய நான்கில் மட்டும் நீலக்கூறு கலந்துள்ளது. அதுவும் நான்கிலும் சம அளவில். எனவே தக்க நீல வடிகட்டி வழியே பார்த்தால் இந்த நான்கு பட்டைகளும் ஒரே ஒளிர்வுடன் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குமிழ் இடம் மாறியிருக்கிறது. வண்ணக் கூட்டலைப் பாடமாகப் படித்த மாணவர் எவரும் இதன் காரணத்தைத் தாமே உணரலாம்.

'கலர் டெம்பரேச்சர்' என்னும் வரியில்தான் பெயர்க் குழப்பம் மீண்டும் தலைதூக்குகிறது. 'வார்ம்', 'கூல்' என்று அங்கே இரு தேர்வுகள். ஓரியன் விண்மீன் குழுவைப் பாருங்கள். செந்நிறமாகத் தெரியும் திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 3,500 கெல்வின். நீலவெண்மையாய் ஒளிரும் ரைஜெல் ஏறத்தாழ 12,000 கெல்வின். அதிக வெப்பமுள்ளது நீலம். ஆனால் பட்டியலோ நீலத்தைக் 'குளிர்' என்கிறது, சிவப்பை 'வெம்மை' என்கிறது. ஓவியர்களின் வழக்கிலிருந்து வந்த சொற்கள் இவை. வழக்கில் ஊன்றிவிட்டதால் இதை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது வேறு. படத்தை உருவாக்குவோர் தம் திரையில் வெண்மை என்று கொள்வது 6,500 கெல்வினை ஒட்டிய பகல் ஒளியை. வெளிநாட்டுப் படமாயினும் நம் ஊர்ப் படமாயினும் தொலைக்காட்சிக்கெனச் சீரமைக்கப்படும்போது அடிப்படை அதுவே. கடையிலிருந்து வரும் பல பெட்டிகளிலோ வெண்மை இதைக் காட்டிலும் நீலமாக வைக்கப்பட்டிருக்கிறது. நூறு பெட்டிகள் வரிசையாக எரியும் கடையில் நீலவெண்மைதான் 'பளிச்' என்று கண்ணை இழுக்கும். வீட்டுக்கு வந்தபின் அதே நீலம் முகங்களின் குருதியோட்டத்தை உறிஞ்சிவிடுகிறது. பல பெட்டிகளில் 'வார்ம்' என்ற தேர்வே உண்மைக்கு அருகில் உள்ளது. முதல் நாள் அது மஞ்சள் பூத்தாற்போல் தோன்றும். சில நாள் பொறுத்தால் கண் பழகிவிடும். பின்பு பழைய அமைப்பைப் போட்டுப் பாருங்கள், நீலம் பாய்ந்திருந்தது அப்போதுதான் விளங்கும்.

கூர்மை என்னும் மயக்கு

'ஷார்ப்னெஸ்' என்றால் கூர்மை. கூட்டினால் படத்தின் நுணுக்கம் கூடும் என்று நம்புகிறோம். நடப்பது என்ன? ஒரு வரியில் ஆறு படப்புள்ளிகளின் மதிப்புகள் 50, 50, 50, 200, 200, 200 என்று இருக்கட்டும். கூர்மைக் குமிழைத் திருகியதும் இவை 50, 50, 20, 230, 200, 200 என்று மாறுகின்றன. இருண்ட பக்கத்து விளிம்பு மேலும் இருள்கிறது. வெளிர்ந்த பக்கத்து விளிம்பு மேலும் வெளிர்கிறது. மலையின் விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறதே, அது மலையில் இல்லாதது. படம் பிடித்த கேமராவிலும் இல்லாதது.

இதில் வேடிக்கை யாதெனில், இந்தத் தந்திரம் நம் கண்ணுக்கு முன்பே தெரியும். 1865-இல் எர்ன்ஸ்ட் மாக் என்னும் இயற்பியலறிஞர் ஒன்றைக் கவனித்தார். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில், உண்மையில் இல்லாத ஒரு வெண்பட்டையும் கரும்பட்டையும் நமக்குத் தோன்றுகின்றன. விழித்திரையின் நரம்புகள் அண்டை நரம்புகளை அடக்குவதால் விளிம்பு மிகைப்படுகிறது என்பது இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். விளிம்பைக் கூர்மையாக்கும் வேலையைக் கண்ணே செய்துகொண்டிருக்க, கருவியும் அதையே மறுபடி செய்வது, உப்புப் போட்ட குழம்பில் இன்னொருவர் வந்து உப்புப் போடுவதைப் போன்றது.

மேலும், சைகையில் வந்து சேராத நுணுக்கத்தை எந்தக் குமிழும் படைக்க இயலாது. இருப்பதை மிகைப்படுத்தலாம், அவ்வளவே. சரி, மிகைப்படுத்தலே இல்லாத நடுநிலை எது? இங்குதான் பட்டியலின் பெரும்பிழை. சில பெட்டிகளில் 0 என்பது நடுநிலை. வேறு சிலவற்றில் 50 என்பது நடுநிலை, 0 என்றால் படம் மங்கிவிடும். சுழி எங்கே என்று குறிக்கப்படாத அளவுகோலை எந்த ஆய்வகமும் ஏற்காது. வீட்டுக்கு மட்டும் அது போதும் என்று யார் முடிவு செய்தார்கள்?

இயந்திரம் கற்பனை செய்யும் பிரேம்கள்

திரைப்படம் நொடிக்கு 24 பிரேம்கள். நொடிக்கு 60 முறை படம் மாற்றும் திரையில் இதைக் காட்ட வேண்டுமாயின், 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை வருகிறது. அரைமுறை காட்டுவதற்கில்லை. எனவே ஒரு பிரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் மாறி மாறிக் காட்டுவார்கள். அதாவது ஒரு பிரேம் 50 மில்லி நொடியும், அடுத்தது 33 மில்லி நொடியும் நிற்கும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் நொண்டுவது இதனால்தான். நொடிக்கு 120 முறை மாற்றும் திரையில் ஒவ்வொரு பிரேமையும் சரியாக ஐந்து முறை காட்டிவிடலாம். நொண்டல் தீர்ந்தது. நேர்மையான தீர்வு அது.

ஆனால் பல பெட்டிகள் அத்துடன் நிற்பதில்லை. இரண்டு பிரேம்களுக்கு நடுவே பொருள்கள் எங்கெங்கு இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, புதிய பிரேம்களைத் தாமே வரைந்து செருகுகின்றன. முழு அளவில் இது செயற்படும்போது திரையில் வரும் ஐந்து பிரேம்களில் நான்கு இயந்திரத்தின் கற்பனை. ஓடுபவனின் காலுக்கும் வேலிக்கும் நடுவே சில வேளைகளில் படம் கிழிந்தாற்போல் தெரிவது, அக்கற்பனை தவறும் இடம். தவறாத இடத்திலும் திரைப்படம் தன் இயல்பை இழந்து, மலிவான வீடியோப் பதிவைப் போல் வழவழப்பாகிவிடுகிறது.

2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு சிறு காணொளி வெளியிட்டு, வீட்டில் படம் பார்க்குமுன் இந்த வசதியை நிறுத்திவிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். தாம் எடுத்த படத்தைத் தாம் எடுத்தபடி பாருங்கள் என்று கலைஞர்கள் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இது பட்டியலை வகுத்தவர்களுக்குப் பெருமை தரும் செய்தியன்று.

நொடிக்குப் பிரேம்கள் கூடுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 2012-இல் பீட்டர் ஜாக்சன் தம் 'ஹாபிட்' படத்தை நொடிக்கு 48 பிரேம்களாக எடுத்தார். பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அது படைத்தவரின் முடிவு. அந்த முடிவை வீட்டிலுள்ள ஒரு சில்லு, யாரையும் கேளாமல், எல்லாப் படங்களுக்கும் எடுப்பதுதான் குற்றம்.

நியாயமான வேலையும் உண்டு

குறைகளை மட்டும் அடுக்கினால் விமரிசனம் ஒருதலைப்பட்சமாகிவிடும். பிராசஸர் செய்தே தீர வேண்டிய வேலைகள் சில உள்ளன. ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் தனித்தனியே வரும் ஒளிபரப்பை இணைத்து முழுப் படமாக்குவது ஒன்று. சிறிய படத்தைப் பெரிய திரையின் புள்ளிகளுக்கு ஏற்ப விரிப்பது மற்றொன்று. மூன்றாவது வேலை அண்மையில் வந்தது. 2014-இல் ஏற்கப்பட்ட புதிய ஒளிர்வுத் தரம் 10,000 நிட் வரை சைகையில் குறிக்க இடம் தருகிறது. படங்கள் பெரும்பாலும் 1,000 அல்லது 4,000 நிட் உச்சத்துக்குச் சீரமைக்கப்படுகின்றன. வீட்டுப் புரொஜெக்டர்கள் பலவும் திரையில் 100 நிட்டை ஒட்டியே ஒளி தர வல்லவை.

ஆயிரத்தை நூறில் அடைப்பது எப்படி? எல்லாவற்றையும் பத்தால் வகுத்தால் 50 நிட் இருந்த முகம் 5 நிட்டாகி இருண்டுவிடும். நூறுக்கு மேற்பட்டதை வெட்டிவிட்டால் மேகங்களெல்லாம் ஒரே வெள்ளைப் பூச்சாகிவிடும். முகத்தைத் தொடாமல் விட்டு, உச்ச ஒளிகளை மட்டும் படிப்படியாக மடித்து அடக்கும் வளைகோடு ஒன்று வேண்டும். அதையும் காட்சிக்குக் காட்சி மாற்ற வேண்டும். நல்ல பிராசஸர்கள் இதைத் திறம்படச் செய்கின்றன. அவற்றின் விலைக்கு நியாயம் கற்பிப்பது இந்த வேலையே. சோதனைப் படிவங்களைத் தமக்குள்ளேயே வைத்திருக்கும் பிராசஸர்களும் உண்டு. அவற்றைப் பாராட்ட வேண்டும். திருகு அளவியுடன் திட்டத் தகடு ஒன்றையும் சேர்த்துத் தருவது போன்ற நேர்மை அது.

ஆயினும் நல்ல கருவியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. படம் தரும் பெட்டியில் ஒரு பட்டியல், பிராசஸரில் ஒன்று, புரொஜெக்டரில் ஒன்று என்று மூன்று பட்டியல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் செய்ததை இன்னொன்று அழிக்கும். முதற்பெட்டி 0 முதல் 255 வரை அனுப்ப, திரை 16 முதல் 235 வரை எதிர்பார்த்தால், நிழல்களும் வெளிச்சங்களும் இருமுனையிலும் நசுங்கும். அதைப் பிரைட்னெஸ் குமிழால் திருத்தப் புகுவது, கடிகாரம் நிற்பதற்காக நாட்காட்டியைக் கிழிப்பது போன்றது. வேறொரு நட்டமும் உண்டு. 16-க்கும் 235-க்கும் இடையே 219 படிகளே உள்ளன. எட்டுத் துணுக்கு முறையில் கான்ட்ராஸ்ட்டை 0.8 ஆகக் குறைத்தால் மிஞ்சுபவை 175. அந்தி வானத்தில் மெல்ல மாற வேண்டிய நிறம் பட்டை பட்டையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று இடங்களில் கூட்டிக் குறைத்தால் நட்டமும் மும்மடங்கு. சீரமைப்பை ஓரிடத்தில் மட்டும் செய்து, மற்ற இரண்டையும் நடுநிலையில் விடுவதே முறை. இந்த எளிய விதி எந்தப் பட்டியலிலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

பிடித்தபடி வைத்தால் என்ன?

இவ்வளவையும் கேட்டபின் வாசகர் ஒருவர் வினவக்கூடும்: "வீடு என்னுடையது, கண்ணும் என்னுடையது. எனக்குப் பிடித்தபடி வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன?" நியாயமான கேள்வி. தன் தட்டிலுள்ள சோற்றில் ஊறுகாய் கூடுதலாகப் போட்டுக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதைத் தெரிந்து செய்ய வேண்டும். சமைத்தவர் என்ன சமைத்தார் என்று அறியாமலே, பரிமாறுபவர் வழியிலேயே ஊறுகாயைக் கலந்துவிட்டால் அது உரிமை ஆகாது. முதலில் நடுநிலையில் வைத்துப் பாருங்கள். பின்பு மாற்ற விரும்பினால் மாற்றுங்கள். அப்போதுதான் அது உங்கள் தேர்வாகும். இப்போது பெரும்பாலான வீடுகளில் நடப்பது கடைக்காரரின் தேர்வு.

எதிர்த்தரப்பு நிபுணர்களிடமும் ஒரு குறை உண்டு. அவர்கள் ஓதும் அளவுகளெல்லாம் இருட்டறைக்கு உரியவை. திரைப்பட அரங்கின் வெண்மை 48 நிட்தான். அது போதுமானதாக இருப்பது அரங்கு இருட்டாக இருப்பதால். பகலில் சன்னல் திறந்த கூடத்தில் நிலைமை வேறு. ஒரு திரையில் வெண்மை 100 நிட், கறுப்பு 0.05 நிட் என்று கொண்டால் விகிதம் 2,000. அறை வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பி 1 நிட் மட்டும் சேர்க்கட்டும். வெண்மை 101, கறுப்பு 1.05. விகிதம் 96-ஆகச் சரிந்துவிட்டது. இருபதில் ஒரு பங்கு! எத்தனை விலையுயர்ந்த பிராசஸரும் இந்த நட்டத்தை முழுதும் மீட்டுத் தராது. சன்னலின் திரைச்சீலையை இழுத்துவிட்டால் போதும். பகலில்தான் பார்க்க வேண்டுமெனில் பின்னொளியைத் தயங்காமல் கூட்டுங்கள். கறுப்பின் மட்டத்தையும் நிறத்தையும் மட்டும் கலைக்காதீர்கள்.

முடிவாக

இப்பட்டியலை வகுப்போரிடம் கேட்க வேண்டியவை மூன்றே. குமிழ்களுக்கு அவை செய்யும் வேலையைப் பெயராக வையுங்கள். ஒவ்வொரு அளவுகோலிலும் நடுநிலை எதுவென்று ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள். கடைக்குரிய அமைப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு, உண்மையான படத்தை முதல் அமைப்பாக வைத்து அனுப்புங்கள். இது நடவாத காரியமன்று. 2019 ஆகஸ்டில் யு.எச்.டி. கூட்டமைப்பு 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற ஒன்றை அறிவித்தது. கற்பனைப் பிரேம்களையும் செயற்கைக் கூர்மையையும் நிறுத்தி, வெண்மையை அதன் தரத்தில் வைத்து, படத்தின் ஓரத்தை வெட்டாமல் காட்டும் அமைப்பு அது. அடுத்த ஆண்டு முதல் பல பெட்டிகளில் வந்துவிட்டது. ஒரே பொத்தானில் இவ்வளவும் கிடைப்பது நல்ல முன்னேற்றம். ஆனால் உண்மையான படம் பத்துத் தேர்வுகளுள் ஒன்றாக, பட்டியலின் உள்ளே தேடிக் கண்டெடுக்க வேண்டியதாக இருப்பது இன்னும் முழு வெற்றியாகாது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது இது. அறையை இருட்டாக்குங்கள். சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பிரேம் செருகும் வசதியை நிறுத்துங்கள். கூர்மையை விளிம்பு வெள்ளைக்கோடு மறையும் வரை குறையுங்கள். வெண்மையை 'வார்ம்' பக்கம் வையுங்கள். பிளூஜ் படிவத்தால் கறுப்பையும், வெள்ளைப் பட்டைப் படிவத்தால் கான்ட்ராஸ்ட்டையும், நீல வடிகட்டியால் செறிவையும் இதே வரிசையில் பாருங்கள். கறுப்பையும் கான்ட்ராஸ்ட்டையும் மறுமுறை பாருங்கள், ஒன்று மற்றதைச் சற்று அசைத்திருக்கும். அரைமணி நேர வேலை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 'அழகாகத் தெரிகிறது' என்பதும் 'சரியாக இருக்கிறது' என்பதும் வெவ்வேறு தீர்ப்புகள். முதலாவதற்குக் கண் போதும். இரண்டாவதற்கு ஒப்பிட ஓர் அளவு வேண்டும். கருவியின் சுழிப்பிழையைப் பாராமல் அளவெடுப்பவனை ஆசிரியர் கடிந்துகொள்வது ஏன் என்று ஆய்வகத்தில் விளங்கவில்லையென்றால், இன்றிரவு வீட்டுப் பெட்டியின் பட்டியலைத் திறந்து பாருங்கள். விளங்கிவிடும்.